நீ எனக்கு விற்ற தண்ணீர்

மாசி மாதம், முட்டை பொரிக்க வைக்கும் நம் ஹேச்சரியில் ஆறு தொட்டியிலும் இறால் குஞ்சு சாகத் தொடங்கியது. நீ மெட்ராசிலிருந்து ஒரு சீசாவில் தண்ணீர் கொண்டுவந்து மூன்று தொட்டிகளில் ஊற்றினாய். மற்ற மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விடச் சொன்னாய். ஒரு வாரத்துக்குள் ஆறு தொட்டியும் பிழைத்துக்கொண்டது. நான் உன்னை நம்பாமல் போனது அதனால்தான்.

இதை நேரில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் எந்தப் பேச்சும் வியாபாரமாகி விடுகிறது. நீ ஏற்றுவாய், நான் இறக்குவேன், நடுவில் உன் அம்மா வந்து சோறு ஆறிப்போகிறது என்பாள். இப்போது நீ கல்யாணமாகி நெல்லூருக்குப் போய்விட்டாய். எனக்கும் தராசு முள்ளைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. புருஷன் வீட்டுக்குப் போன மகளுக்குத் தகப்பன் சொல்ல வேண்டிய புத்தி என்று நாலு வார்த்தை என்னிடமும் இருக்கிறது. ஆனால் நம் இருவருக்கும் நடுவில் அந்தச் சீசா நிற்கிறது. அதை நகர்த்தாமல் மற்றதைச் சொன்னால் உன் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும்.

நான் வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்கு விலை கொடுக்காமல் இருக்கப் பாடுபட்டவன். கம்பெனி வேன் பழவேற்காட்டுக்கு வந்து இறாலை வாங்க ஆரம்பித்த காலத்தில் எனக்கு இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு ஐஸ் பெட்டியும்தான். இறாலைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டால் எடை ஏறும். விற்பவன் ஊறப்போடுவான், நடுவில் கைமாற்றுகிறவன் இன்னும் கொஞ்சம் ஊறப்போடுவான், கடைசியில் கம்பெனிக்காரன் அந்தத் தண்ணீரையெல்லாம் என் கணக்கில் கழிப்பான். அதனால் நான் என் கொட்டகையில் ஒரு கம்பு கட்டி, வந்த கூடையை அதில் தொங்கவிட்டு, சொட்டு நின்ற பிறகுதான் தராசில் வைப்பேன். தோணிரேவுப் பெண்கள் எனக்குப் பின்னால் சொல்வது என் காதுக்கு வரும். "அந்தாளு எறாவைத் தூக்குல போட்டுட்டுத்தான் வெல பேசுவான். நம்ம அதிஷ்டம், நம்மளப் போடல." நான் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பேச்சு எனக்குக் காவல்.

ஊரை என்னை நம்ப வைத்தது வாளி. பொடி இறாலை எடை போட மாட்டார்கள், வாளிக் கணக்கில்தான் கொடுக்கல் வாங்கல். எனக்கு முன்னால் வந்த வியாபாரிகள் இரண்டு வாளி வைத்திருந்தார்கள். வாங்குவதற்கு அடி பள்ளமானது ஒன்று, விற்பதற்கு அடி மேடானது ஒன்று. நான் ஒரே ஒரு இரும்பு வாளி வாங்கி, விளிம்பில் சிவப்புச் சாயம் பூசி, கொட்டகை வாசலில் மாட்டினேன். வாங்கினாலும் அதுதான், விற்றாலும் அதுதான், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் வாளியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோட்டைக்குப்பத்துக்காரர்கள் ஒரு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். எனக்கு ஊரில் கிடைத்த மரியாதை அந்த வாளியிலிருந்து வந்தது. பிறகு தொட்டி கட்டி, தாய் இறாலை வாங்கி முட்டை விடவைத்து, குஞ்சை வளர்ப்புப் பண்ணைகளுக்கு விற்கும் தொழிலில் இறங்கியபோதும் அதே வழக்கத்தைக் கொண்டுபோனேன். ஆறு தொட்டிக்கும் ஒரே வாளி. தொட்டி பார்க்கும் ஏழுமலைக்கு முதல் நாளே சொன்ன சட்டம் அது. எந்தத் தொட்டிக்கும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முட்டையும் பாலும் வேகவைத்து அரைத்த தீனியை, அந்தந்தத் தொட்டியில் மொண்ட தண்ணீரிலேயே கரைத்து, அந்தந்தத் தொட்டியில் ஊற்றுவான். வாளி ஒன்றுதான் போய்வரும்.

நோய் வந்த விதம் உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடுப்பகலில் தொட்டி மேல் மூடியிருக்கும் கறுப்புத் தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்துப் பார்த்தால், தண்ணீர் பச்சையாக மினுங்கும். மழைக்கு முந்தைய இருட்டில் துடுப்புப் பட்ட இடத்தில் கடல் மினுங்குமே, அதே மினுக்கம். குஞ்சின் உடம்புக்குள்ளிருந்து அது வரும். மினுங்கின குஞ்சு மறுநாள் அடியில் கிடக்கும். அதற்கு மெட்ராஸ் மருந்துக்காரர் ஒருவர் மஞ்சள் பொடி கொடுத்தார். முதல் தடவை நோய் அதற்குக் கண் முன்னால் கேட்டது. அடுத்த தடவை இரண்டு பங்கு போடச் சொன்னார். அதற்கடுத்து மூன்று பங்கு. மாசியில் தொட்டித் தண்ணீர் மஞ்சள் கரைத்த மாதிரி நின்றது, அதற்குள்ளேயே குஞ்சு மினுங்கிச் செத்தது. அப்போதும் எனக்குப் பொடி மேல் சந்தேகம் வரவில்லை. அது கசந்தது, கையில் ஒட்டியது, டப்பா மேல் முத்திரை இருந்தது. காசு கொடுத்து வாங்கியது கண்ணுக்குத் தெரிந்தது.

நீ கொண்டுவந்தது எப்படி இருந்தது? நிறமில்லை, வாசனையில்லை. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். நம் ஹேச்சரிக் கழிவு வாய்க்காலிலிருந்துதான், போன தடவை மொண்டுபோனேனே என்றாய். செத்த குஞ்சை நாம் கொட்டும் வாய்க்கால் அது. அதை மெட்ராசில் நீ படித்த கல்லூரியில் கிருமியே நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தாயாம், அந்தக் கிருமியைத் தின்னும் இன்னொன்று அதற்குள் இருக்கிறதாம், பேஜ் என்று பெயராம், எந்தப் பூதக்கண்ணாடியிலும் தெரியாதாம். ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாய். அதில் நோய்க்கிருமி பாலாடை மாதிரி படர்ந்திருந்தது. புழுதி மேல் தூறல் விழுந்த மாதிரி அங்கங்கே வட்டம் வட்டமாக வெறுமையாக இருந்தது. தின்ற இடம் அதுதான் என்றாய்.

"சரக்கைக் காட்டுனு சொன்னா ஓட்டையக் காட்டுறியே" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "அந்த ஓட்டைதான் நைனா சரக்கு."

"அது கிருமியத் தின்னுட்டு அப்பறம் இன்னாத்தத் தின்னும்?"

"ஒண்ணும் தின்னாது. எறாவத் தொடாது, மனுசனத் தொடாது. தின்ன கிருமி இல்லேன்னா அதுவே தீந்துபூடும்."

"வேல முடிஞ்சதும் தானா எழுந்து போற ஆளு. இத்தினி வருசத்துல அப்பிடி ஒருத்தன நான் பாத்ததில்லம்மா" என்றேன். ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ஆறு தொட்டியும் பிழைத்தது. நீ ஊற்றாத தொட்டியும் பிழைத்தால் என் மாதிரி ஆளுக்கு ஒரே கணக்குதான். நோய் தானாக வந்தது, தானாகப் போனது, நடுவில் என் மகள் தண்ணீர் ஊற்றினாள். நீ ஆறு தொட்டியையும் ஒரு சுற்று சுற்றி வந்தாய். பிறகு தீனி வாளி ஒன்றா ஆறா என்று கேட்டாய். ஒன்று என்றேன். "அப்ப நான் ஊத்தாததுலயும் நீங்களே ஊத்திட்டீங்க" என்றாய். ஒரு தொட்டியில் முக்கியெடுத்த வாளியை அடுத்த தொட்டியில் முக்கும்போது வாளியின் ஈரத்திலேயே அது போய்விடும், போன இடத்தில் பெருகும் என்று விளக்கினாய். எனக்கு அது தோற்ற வியாபாரி சொல்லும் சாக்கு மாதிரி கேட்டது. அதைவிட மோசம், நீ என் வாளி மேல் கை வைத்தாய். அடுத்த முறை ஆறு தொட்டிக்கும் ஆறு வாளி வேண்டும் என்றாய். தனி வாளி கேட்கிறவன் தனி அளவு கேட்கிறவன் என்றுதான் முப்பது வருஷமாக நான் பார்த்திருக்கிறேன். முடியாது என்றேன்.

வைகாசியில் மறுபடியும் மினுங்கியது. இந்தத் தடவையும் போனால் ஹேச்சரியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீ பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினாய். ஒரு கையில் ஐஸ் பெட்டி, அதில் தொட்டிக்கு ஒன்றாக ஆறு சீசா. இன்னொரு கையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய ஆறு பிளாஸ்டிக் வாளி. உன் சொந்தக் காசில் வாங்கியது என்றாய். கல்யாணப் புடவைக்கு அம்மா கொடுத்த பணத்தில் எடுத்தாய் என்று பிற்பாடு தெரிந்தது. நான் பேரம் பேசாமல் சரி என்றேன். நீ ஆச்சரியப்பட்டாய். நான் சுலபமாகச் சரி என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்று உனக்கு அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று சாயங்காலம் நீ குளிக்கப் போனபோது, உன் அம்மா பால் காய்ச்சும் அடுப்பில், ஆறு சீசாவில் மூன்றை எடுத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஆறவைத்து அதே சீசாக்களில் ஊற்றி, அடியில் வாளிச் சாயத்தால் ஒரு பொட்டு வைத்து, ஐஸ் பெட்டியில் திருப்பி அடுக்கினேன். என் யோசனை இதுதான். நீ சொல்வதுபோல் அதில் உயிருள்ள ஏதோ இருந்தால் கொதியில் செத்துவிடும். நீயே யாரிடமாவது ஏமாந்து, யாரோ கொடுத்த உப்பையோ பொடியையோ கலந்திருந்தால், கொதித்தாலும் அது அப்படியே இருக்கும். கொதித்த தண்ணீரே குஞ்சைக் கொல்லுமோ என்று எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு குண்டானில் நோயில்லாத குஞ்சு கொஞ்சம் விட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, மூடிவைத்தேன். அவை துள்ளிக்கொண்டுதான் இருந்தன. மறுநாள் காலையில் சீசாக்களை நானே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நீ ஒவ்வொன்றாக ஊற்றினாய். நகை வாங்கும்போது உரசிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி ஒரு உரசல் என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் தார்ப்பாய்க்குள் தலையை விட்டபோது மூன்று தொட்டி இருண்டிருந்தது. மூன்று தொட்டி முன்னைவிடப் பச்சையாக எரிந்தது. எரிந்தவை எவை என்று எனக்குத் தெரியும். எனக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இன்னொரு நாளும் காத்திருந்தேன். ஏன் என்றால், சரக்கைச் சோதித்தாகிவிட்டது, இனி விற்பவரைச் சோதிக்க வேண்டும் என்ற என் தொழில் புத்தி. மூன்று தொட்டி கெட்டுப்போனதை நீ எப்படிச் சொல்லப் போகிறாய்? மூடி மறைப்பாயா, தாய் இறால் மேல் போடுவாயா, ஏழுமலை மேல் போடுவாயா? நீ சாப்பிடாமல் தொட்டிக்கும் தொட்டிக்கும் அலைந்ததை, ஒவ்வொரு வாளியாகத் தேய்த்துக் கழுவி மோந்து பார்த்ததை, நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று தொட்டியிலும் குஞ்சு அடியில் படிந்த பிறகு நீ என்னிடம் வந்தாய்.

"நைனா, மூணு தொட்டில என் தண்ணி வேல செய்யல. ஏன்னு எனக்குத் தெரில. நான் சொன்னது பாதி தப்பு. நீங்க மருந்துக்காரருக்கு ஆளு அனுப்புங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

வாங்குகிறவன் வாய் திறக்கும் முன்னால், விற்கிறவர் தன் சரக்கின் குறையைத் தானே சொல்வதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஏரிக்கரையில் கேட்டதில்லை, கம்பெனி வாசலில் கேட்டதில்லை. தொட்டி பிழைத்தபோது வராத நம்பிக்கை எனக்கு அப்போது வந்தது. நான் சீசாக்களைத் திருப்பி அடியில் இருந்த சிவப்புப் பொட்டைக் காட்டினேன். "அந்த மூணும் கொதிக்க வெச்ச தண்ணிம்மா. உன் சரக்கு தப்பில்ல" என்றேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். அவ்வளவு வயசாகியும் எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

நீ கேட்டது இரண்டே கேள்வி. எப்போது கொதிக்க வைத்தேன் என்று. சொன்னேன். தொட்டி ஏன் கெட்டது என்று நேற்றே தெரியுமா என்றாய். தெரியும் என்றேன். "எறாவத் தொங்கவுடுவீங்க, சரி. என்னையும் தொங்கவுட்டு, சொட்டு நிக்கிற வரைக்கும் பாத்துக்கினு இருந்தீங்களே" என்றாய். சத்தம் போடவில்லை. வாளி ஆறையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாய். ஆவணியில் உன் கல்யாணத்தன்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டபோதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்தவர்கள் பெண்ணுக்கு வெட்கம் என்றார்கள். எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும்.

நான் சோதித்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சோதிக்காமல் வாங்கியிருந்தால் மருந்துக்காரர் பொடிக்கு நேர்ந்ததுதான் உன் தண்ணீருக்கும் நேர்ந்திருக்கும். கேட்டால் கும்பிடுவோம், கேட்காவிட்டால் திட்டுவோம், ஏன் என்று யாருக்கும் தெரியாது. நீ போன பிறகு அதுதான் நடக்க இருந்தது. ஐப்பசியில் நோய் வந்தது. கல்யாணத்துக்கு முன் நீ வடித்து ஐஸ் பெட்டியில் விட்டுப்போன ஒரு சீசாவை எடுத்து, தனி வாளியோடு, எல்லாம் நீ சொன்னபடி செய்து ஊற்றினேன். ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. எனக்குள் பழைய ஆள் எழுந்து உட்கார்ந்தான். பார்த்தாயா என்றான். உன் அம்மா ட்ரங்கால் போட்டு உன்னிடம் சொன்னாள். நீ என்னோடு பேசவில்லை, அவளிடம் சொன்னாய். அவள் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். "தாய் எறா இந்த வாட்டி எங்கேந்து வந்துச்சுனு கேக்கறா." தெற்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாங்கியது. அதனோடு வந்த கிருமி வேறு சாதி, இந்தத் தண்ணீர் அதைத் தின்னாது, அந்தக் கிருமி போய்ச் சேர்ந்த நம் கழிவு வாய்க்காலில்தான் அதைத் தின்பதும் இருக்கும், அங்கிருந்து புதுசாக மொண்டு அனுப்பு என்றாயாம். மீன் லாரி டிரைவரிடம் ஐஸில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். நீ அங்கே ஒரு லேபில் இடம் கேட்டு வாங்கி, வடித்துத் திருப்பி அனுப்பினாய். சீசா மேல் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதே ஊர்த் தாய் இறாலின் அடுத்த குஞ்சுகளுக்கு அந்தத் தண்ணீர் கேட்டது.

இப்போது அந்த மருந்துக்காரர் என் கொட்டகைக்கு இரண்டு தடவை வந்துபோய்விட்டார். உன் தண்ணீரைப் பெரிய பீப்பாயில் வடித்து, டப்பாவில் முத்திரை குத்தி, கரை நெடுக விற்கலாம் என்கிறார். உன்னை நெல்லூரில் வந்து பார்ப்பார். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் இருக்கும். அவர் கேட்பதெல்லாம் உன் கையெழுத்து ஒன்றுதான். எந்த ஊர்க் கிருமிக்கு எந்த ஊர்த் தண்ணீர் என்று அவரிடம் கேட்டேன். அதெல்லாம் லேபிளில் எழுத வேண்டாம் என்றார். நீ படித்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். சரக்குக்கு எது முடியாது என்பதை லேபிளிலிருந்து எடுக்கச் சொல்கிறவனோடு ஒரே பாயில் உட்காராதே. நாளைக்குக் கேட்காமல் போகிற தொட்டியெல்லாம் உன் பேரில்தான் சாகும்.

மருந்துக்காரர் வந்த விவரத்தை உன் அம்மா உன்னிடம் சொன்னபோது, எனக்கும் ஒரு பதில் அனுப்பினாய். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நீ அனுப்பிய முதல் வார்த்தை அது. அவள் அதைச் சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இனிமேலும் கொதிக்க வெக்கச் சொல்றா. ஒவ்வொரு வாட்டியும் ஒரு சீசா. கொதிக்க வெக்கறேன்னு முன்னாடியே சொல்லிடணுமாம். எதுன்னு சொல்லக் கூடாதாம்."

முப்பது வருஷம் சந்தேகத்தை முதலாகப் போட்டுப் பிழைத்தவனுக்கு, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று நீ ஒரே வாக்கியத்தில் முறை வகுத்துக் கொடுத்திருக்கிறாய். எது என்பதை மறைக்கலாம், மறைக்கிறோம் என்பதை மறைக்கக் கூடாது. கூடையைத் தொங்கவிட்டபோது நான் அப்படித்தான் செய்தேன். எல்லோர் கண்ணுக்கும் எதிரில், வாசலில் தொங்கவிட்டேன். அதனால் யாரும் என்னோடு பகைக்கவில்லை. வீட்டுக்குள், பெற்ற பெண்ணிடம்தான் அடுப்படியில் ஒளிந்து செய்தேன். உனக்கு நான் சொல்ல நினைத்திருந்த புத்தியும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. மாப்பிள்ளை மேல், மாமியார் மேல், வேலை கொடுப்பவர் மேல் உனக்குச் சந்தேகம் வராமல் இருக்காது. நீ என் மகள். வந்தால், எனக்கு இதில் சந்தேகம், பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பார்.

ஆகவே, உன் அம்மா வாயால் நீ சொன்னதும் அவள் வாயால் நான் ஒத்துக்கொண்டதும் சேர்த்து நம் பேச்சு இதுதான். ஒவ்வொரு தாய் இறால் கூட்டத்துக்கும் புது வாய்க்கால் தண்ணீர் நான் அனுப்புவேன், நீ வடித்துத் தருவாய். பழைய சீசாவை நான் தொட மாட்டேன். வேறு யாருக்கும் நீ மொத்தமாக விற்க மாட்டாய். பிழைத்த தொட்டிக்கு நான் உனக்கு நூறு ரூபாய் தருவேன், பிழைக்காததற்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரு சீசா கொதிக்க வைக்கப்படும், அதை உனக்கு முன்கூட்டியே சொல்வேன், எதுவென்று சொல்ல மாட்டேன். அந்தத் தொட்டியின் நட்டம் என்னுடையது. வாளிச் செலவு இனி என்னுடையது, நீ வாங்கிய அந்த ஆறையும் சேர்த்து.